அப்பாயி முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம்?

இந்த எபிசோடுக்காக மேசை மேல ரெண்டு போட்டோ எடுத்து வெச்சிருக்கேன். ரெண்டுலயும் இருக்கிறது காரைக்கால்ல வாழ்ந்த என் அப்பாயி. ஒண்ணு 1962ல் ஸ்டூடியோவில் எடுத்த கருப்பு-வெள்ளை. இன்னொண்ணு 1988ல், சித்தப்பா கல்யாணத்தன்னிக்கு வாசல்ல எடுத்த கலர் போட்டோ. பழசுல மூக்குத்திக் கல்லை எண்ணலாம். புதுசுல முகமே இல்லை, வெறும் நிழல். பின்னாடி இருக்கிற சுண்ணாம்புச் சுவர்கூட சாம்பல் பூத்துக் கிடக்கு.

26 வருஷம் கழிச்சு வந்த கேமரா எப்படித் தோத்துப்போச்சு?

கொஞ்சம் பின்னாடி போவோம். காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கைக்குப் போனது 1739ல். சரியா நூறு வருஷம் கழிச்சு, 1839 ஆகஸ்ட் 19 அன்னிக்கு, டாகெர் கண்டுபிடிச்ச போட்டோ முறையை பாரிஸ்ல உலகத்துக்கே வெளியிட்டாங்க. அந்தக் கேமராவில் இப்ப இருக்கிற மாதிரி ஷட்டர் கிடையாது. லென்ஸ் மூடியைக் கழட்டணும், காத்திருக்கணும், திரும்ப மூடணும். எவ்வளவு நேரம்? அதை போட்டோகிராபர்தான் முடிவு பண்ணணும்.

நம்ம ஊர் ஸ்டூடியோக்களிலும் அந்தப் பழக்கம் ரொம்ப காலம் இருந்தது. அப்பாயி சொல்லுவாங்க: "கண்ணைச் சிமிட்டாதம்மான்னு சொல்லிட்டு, மூடியக் கழட்டி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுனாரு. நான் மூச்சே விடல." அந்த மனுஷன் எண்ணினது அப்பாயி முகத்தில் விழுந்த வெளிச்சத்துக்கு. சுவருக்கு இல்லை.

(அவர் ஒண்ணும் உத்தமர் இல்லை. நெகட்டிவில் முகத்து மேல பென்சிலால டச்சிங் பண்ணி, பிரிண்ட்ல ஒரு சுற்று வெளுக்க வெச்சிருக்கார். அப்பாயி நிஜத்துல நல்ல கருப்பு.)

வெளியில எடுக்கிறவங்களுக்கும் மனக்கணக்கு உண்டு. 100 ஸ்பீடு ஃபிலிமா? நல்ல வெயில்ல அபர்ச்சர் 16, ஷட்டர் 1/125. மேகம் வந்தா அபர்ச்சரைத் திறக்கணும். காரைக்கால் கடற்கரை மணல்ல நின்னா 22க்குச் சுருக்கணும், ஏன்னா மணலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்.

இந்தக் கணக்கை எல்லாம் மெஷினே பார்த்துக்கும்னு 1959ல் வந்தது ஆக்ஃபா ஆப்டிமா. பட்டனை அழுத்தினா போதும். 1988ல் பிரான்ஸ்லேந்து வந்த மாமா கையில இருந்ததும் இப்படி ஒரு ஆட்டோமேட்டிக் கேமராதான். உச்சி வெயில், வெள்ளைச் சுவர், அதுக்கு முன்னாடி அப்பாயி. அந்தக் காலத்துச் சாதாரண மீட்டருக்கு முகம்னா என்னன்னு தெரியாது. எதிர்ல இருக்கிற மொத்த வெளிச்சத்தையும் கூட்டிப் பார்த்து, இது நடுத்தரச் சாம்பல் நிறமா இருக்கணும்னு நினைச்சுக்கும். சுவர் வெள்ளைன்னு அதுக்கு யார் சொல்றது? வெளிச்சம் அதிகம்னு குறைச்சிடுச்சு. சுவர் சாம்பலாச்சு, அப்பாயி இருட்டாயிட்டாங்க. விலை கூடின கேமராக்களில் இதைத் திருத்த ஒரு டயல் இருக்கும், பிளஸ் ஒண்ணு, பிளஸ் ரெண்டுன்னு. மாமாவோடதுல அது இல்லை.

இப்போ போன் முகத்தைக் கண்டுபிடிக்குது, பல ஷாட் எடுத்து ஒண்ணா சேர்க்குது. போன ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவில் என் தங்கச்சியை எடுத்தேன். மொட்டை மாடியிலேந்து மாம்பழம் பறக்குது, கீழ ஆயிரம் கை. அந்த வெயில்லயும் முகம் பளிச்னு வந்தது. கொஞ்சம் ஓவர் பளிச். ஸ்டூடியோக்காரர் மாதிரியே வெளுத்துக் கொடுத்திருக்கு, பென்சில் இல்லாம! அவ முகத்தைத் தொட்டு, பக்கத்துல வந்த சூரியன் ஐகானைக் கீழ இழுத்துட்டுத்தான் அடுத்த போட்டோவை எடுத்தேன்.

அன்னிக்கு ராத்திரி பழைய ஆல்பம் கவருக்குள்ள 1988 நெகட்டிவ் கிடைச்சது. அப்போ பிரிண்ட் போட்ட மெஷினும் அதே சராசரிக் கணக்குதான் போட்டிருக்கும். அதனால ஒரு நப்பாசை. ஸ்கேன் பண்ணி, சுவர் எப்படிப் போனாலும் போகட்டும்னு வெளிச்சத்தை ஏத்திக்கிட்டே வந்தேன். சுவர் முழுசா வெளுத்து மறைஞ்சது. முதல்ல மூக்குத்தி தெரிஞ்சது. அப்புறம் பல்லு. அப்பாயி சிரிச்சிட்டிருந்திருக்காங்க.