விவிகம் வாசனைக்கு அப்பால்

புதுச்சேரிக் கிறிஸ்துமஸ் பற்றி எழுதுகிறவர்கள் விவிகம் கேக்கோடு நின்றுவிடுகிறார்கள். ரவை, வெண்ணெய், ரம்மில் ஊறிய பழம். ருசியான வரலாறுதான், யார் இல்லையென்றது! எங்க சேரியில் திருவருகைக் காலமென்றால் சுவருக்குச் சுண்ணாம்பு, மூங்கில் சிம்பில் கலர்த்தாள் ஒட்டிய நட்சத்திரம், கடன் வெல்லத்தில் அதிரசம். கடைசியில் வைக்கோல் குடில். 'மொதல்ல வந்து பாத்தவன் ஆடு மேய்க்கிறவன்தாண்டா' என்று சொல்லிக்கொண்டேதான் ஆயா சொரூபங்களை வைக்கும்.

கோயிலுக்குள் கதை வேறு. அதற்குச் சாட்சி கிறிஸ்தவரல்லாத ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. சம்பாக் கோயிலுக்குள்ளேயே ஒரு சுவர். இந்தப் பக்கம் பறையர், அந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவர். 1745 அக்டோபரில், காரைக்காலிலிருந்து வந்த சாமியார் ஒருவர் தூண்டிவிட, நம்மாட்கள் பெரிய சாமியாரிடமே போய் நியாயம் கேட்டார்கள். எல்லோரும் உங்கள் சீடர்களென்றால் எங்களை மட்டும் ஒதுக்க எப்படிச் சம்மதித்தீர்கள் என்பதுதான் கேள்வி. சுவர் இடிக்கப்பட்டது. இரண்டு மாதத்தில் கிறிஸ்துமஸ்.

இதைச் சாமியார்களின் கருணைக் கணக்கில் எழுதப் பார்ப்பார்கள். விடக்கூடாது. 1927 மகத் குளப் போராட்டத்துக்கு 182 வருஷம் முந்தியே கேட்டிருக்கிறார்கள் நம்மாட்கள், கூட்டமாகப் போய், முகத்துக்கு நேராக.