பங்காளி வீடும் மின்சாரக் கணக்கும்: செட்டிநாட்டில் வீடு செப்பனிடுதலின் வரலாறு

இன்று செலவிடும் தொகை பிற்காலத்து மின்கட்டணச் சிக்கனத்தால் திரும்பிவரும் என்று தெரிந்தும், வீட்டுக்காரர் தம் கூரையையும் சுவரையும் சீர்திருத்த ஏன் முற்படுவதில்லை என்னும் வினா, 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் மேனாட்டு அறிஞரிடையே பெரிதாக எழுந்தது. பணமுடையும், விஷயம் அறியாமையும், உடையவன் ஒருவனாகவும் குடியிருப்பவன் வேறொருவனாகவும் இருத்தலும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பணமுடையைப் போக்கக் கருதிய பிரிட்டிஷ் அரசாங்கம், கடன் கொடுத்து அதை மின்கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கும் ‘கிரீன் டீல்’ திட்டத்தை 2013-இல் தொடங்கி, நாடுவார் அருகியமையால் 2015-இல் கைவிட்டது. வட்டி மிகுதி என்பதே அதன் வீழ்ச்சிக்குக் காரணம் என்பாரும் உளர். வட்டிக் கணக்கில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த செட்டிநாட்டு நகரத்தாரின் ஊர்களிலும் வீடுகள் செப்பனிடப்படாமலே கிடப்பதைக் காணும்போது, அவ்விளக்கம் போதுமானதாக எனக்குத் தோன்றவில்லை.

காரைக்குடியை அடுத்த அமராவதிபுதூரையும் அதன் சுற்றுப்புற ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இரண்டாம் உலக யுத்தம் வரை எழுந்த இப்பக்கத்துப் பெரிய வீடுகள், மின்சாரத்தை எதிர்பாராமலே வெயிலை வெல்லக் கட்டப்பட்டவை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு, திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று உள்ளே செல்லச் செல்ல நிழல் தரும் அவ்வமைப்பில், வெப்பக்காற்று வளவின் நடுமுற்றத்து வழியே மேலேறிப் போகும். கனத்த செங்கற்சுவர், முட்டையின் வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, காலுக்குக் குளுமையான ஆத்தங்குடிக் கல், அடுக்கடுக்காகப் பரப்பிய நாட்டு ஓடு ஆகிய யாவும் அதற்கே துணைசெய்தன.

ஆனால் இவ்வமைப்பு இடையறாத பராமரிப்பைக் கோருவது. அதற்குரிய பொருளோ கடல்கடந்து வந்தது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில், 1930-இல் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு நிலமே நகரத்தாராகிய செட்டியார்களிடம் இருந்தது; பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் அடைமான நிலங்கள் கைக்கு வந்து சேர்ந்ததால், 1937-க்குள் அது நாலில் ஒரு பங்காயிற்று. வெளிப்பார்வைக்குச் செல்வமாகத் தோன்றிய இதில், உண்மையில் ரொக்கம் நிலத்தில் முடங்கிப்போயிருந்தது. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பும், 1948-இல் பர்மா அரசின் நில தேசியமயச் சட்டமும் அந்த ஊற்றை அடைத்துவிட்டன. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும், பின்னர் அயல்நாடுகளுக்கும் சென்றனர். வீடு ஊரிலேயே நின்றது.

வீட்டை விட்டுச்சென்ற பின்னும் பங்கு விடவில்லை. மணமான ஒவ்வோர் ஆண்மகனும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றிய அறைகள் புள்ளிகளுக்குப் பிரிந்திருக்க, முகப்பும் வளவும் கூரையும் பொதுவில் நின்றன. இதன் விளைவை ஓர் ஓட்டின் கதையாகவே சொல்லலாம். குரங்கு தாவியதால் ஓர் ஓடு நகர்கிறது. அடுத்த ஐப்பசி மழையில் நீர் கைமரத்தில் இறங்கி, உத்திரத்தின் முனையில் ஊறி, சுண்ணாம்புப் பூச்சை உப்பச் செய்து பெயர்க்கிறது. நஷ்டம் கீழ் அறைக்குரிய பங்காளிக்கு. ஓடு பிரித்து வேயும் செலவோ அனைவருக்கும் உரியது. ஐம்பது புள்ளிகளில் ஐவர் சிங்கப்பூரிலும், இருவர் மனஸ்தாபத்திலும் இருப்பின், சம்மதம் கிட்டுவதற்குள் உத்திரம் உளுத்துவிடும். எனவே கீழ் அறைக்குரிய அப்பங்காளி, தம்மால் தனித்துச் செய்யக்கூடியதைச் செய்கிறார்: தம் அறையின் ஜன்னலை அடைத்து ஏ.சி. வைக்கிறார்; அல்லது கொல்லையில் கான்கிரீட் தளம் போட்டு, அதன் அனலுக்கு மின்விசிறியைச் சுழலவிடுகிறார். தனித்து நோக்கின் புத்திசாலித்தனமான இக்காரியங்கள் சேர்ந்து, மின்சாரமே வேண்டாதிருந்த ஒரு வீட்டை மின்சாரமின்றி இருக்கவொண்ணாததாக்கின.

அரசாங்கத்தின் முயற்சிகளும் இச்சிக்கலைத் தொடவில்லை. 2018-இல் வெளியான குடியிருப்புக் கட்டட எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு புதிய கட்டடங்களையே குறித்தது. தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம். ஆண்டில் பத்து நாள் திறக்கும் வீட்டுக்குச் சிக்கனம் செய்ய என்ன இருக்கிறது? 75 வாட் விசிறியைக் கழற்றி 30 வாட் விசிறி மாட்டுவதில்கூட அங்கே லாபமில்லை. 2024-இல் வந்த சூரியவீடு திட்டமோ மூன்று கிலோவாட் சூரியத்தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. அதற்குச் சொந்தக் கூரையும் மின் இணைப்பும் வேண்டும். பொதுக்கூரையின் சரிந்த நாட்டு ஓட்டின்மேல் தகடு பதிக்க எந்தப் பங்காளி கையொப்பமிடுவார்?

அப்படியானால் இவ்வீடுகளுக்கு யாருமே கை வைப்பதில்லையோ எனின், வைக்கிறார்கள், காரணந்தான் வேறு. கல்யாணமும், அறுபதாம் ஆண்டு நிறைவும், முன்னோர்க்குச் செய்யும் படைப்பும் வரும்போது வெள்ளையடிப்பும் ஓடு மாற்றலும் தாமே நடந்தேறுகின்றன. அங்கே கௌரவமும் பக்தியும் செலவைத் தீர்மானிக்கின்றன, கணக்கு பின்னால் வருகிறது. இரண்டாவது வழி, ஒரே நிர்வாகத்தின்கீழ் விடுதியாக மாறுவது. சில பெரிய வீடுகள் அவ்வாறு தப்பின. மூன்றாவது வழி பழக்கத்தில் இருந்தும் கூரைக்குப் பயன்படுத்தப்படாதது என்பது என் அபிப்பிராயம்: கோயிலுக்கும் பொதுக்காரியத்திற்கும் புள்ளி வரி போட்டு வசூலிக்கும் ஏற்பாட்டில், படைப்புக்கு எல்லாரும் கூடும் அந்நாளிலேயே ஓடு வேய்தலுக்கும் ஒரு வரியை முடிவுசெய்வது, அவ்வரிக்குரிய கூட்டுக்கணக்கையே மானியம் பெறும் உரிமையாளராக அரசாங்கம் ஏற்பது.