காப்பியும் கூர்ந்த கவனமும்: மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களை முன்வைத்து ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

காப்பி அருந்துவது அன்றாடக் கவனத்தைக் கூர்மையாக்கும், படைப்பூக்கத்தை வளர்க்கும் என்னும் கருத்து சென்னை நடுத்தர வகுப்பினரிடையே வேரூன்றியது. இக்கருத்து எவ்வாறு உருவானது, அதில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டுக் காலைக் காப்பி, காப்பி ஹோட்டல், உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் ஆகிய மூன்று களங்களும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கவனத்துக்குக் காப்பி என்னும் பொருளே துணைசெய்கிறது. படைப்பூக்கத்துக்கோ காப்பியைச் சுற்றி அமைந்த இடமும் நேரமும் பேச்சுமே பெரிதும் துணைநின்றன என்பது இக்கட்டுரையின் முடிபு. எனவே அந்த இடத்தில் அமரும் உரிமை யாருக்கு இருந்தது என்பதும் இவ்வரலாற்றின் பிரிக்க இயலாத பகுதியாகிறது.

திறவுச்சொற்கள்: காப்பி, காஃபீன், மயிலாப்பூர், காப்பி ஹோட்டல், உட்லண்ட்ஸ், படைப்பூக்கம், பொதுவெளி

முன்னுரை

ஒரு பானம் ஒரு நகரத்தின் சிந்தனைப் பழக்கத்தோடு இணைத்துப் பேசப்படுவது சென்னைக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் 1652 இல் பாஸ்குவா ரோசே என்பவர் முதல் காப்பிக் கடையைத் திறந்தார். கால் நூற்றாண்டுக்குள் அத்தகைய கடைகள் அரசியல் பேச்சின் களங்களாகிவிட்டமையால், 1675 டிசம்பரில் இரண்டாம் சார்லசு மன்னர் அவற்றை மூட ஆணையிட்டார். எதிர்ப்பின் காரணமாகச் சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. அன்று போலந்தில் இருந்த லுவோவ் நகரின் ஸ்காட்டிஷ் கஃபேயில் பானாக், உலாம் முதலிய கணிதவியலாளர்கள் 1930களில் கூடினர். மேசைமீது எழுதி அழித்த கணக்குகளை 1935 முதல் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தனர்.

இவ்விரு நிகழ்வுகளிலும் காப்பி இருந்தது. ஆனால் காப்பி மட்டும் இருக்கவில்லை. மேசை இருந்தது, ஓய்வு இருந்தது, எதிரே மறுத்துப் பேசும் ஒருவர் இருந்தார். சென்னையின் வரலாற்றையும் இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும்.

நீராகாரத்திலிருந்து காப்பிக்கு

காப்பிச் செடி தென்னிந்தியாவில் வேர்கொண்டதைச் சிக்கமகளூர் மலைப்பகுதியின் பாபா புதன் கதையோடு மரபு இணைக்கிறது. பெருந்தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில் குடகு, வயநாடு, நீலகிரி, சேர்வராயன் மலைகளில் பரவின. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்கள் உழைத்தனர். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்தது. ஆயினும் காப்பியை விளைவித்த தமிழர்கள் அதை அருந்தியவர்களாக இருக்கவில்லை. அது பெரும்பாலும் ஏற்றுமதிப் பொருளாகவே இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் காப்பி தமிழ் நடுத்தர வகுப்பின் வீடுகளுக்குள் நுழைந்தது. காலையில் பழைய சோறும் நீராகாரமும் கொண்ட பழக்கத்தின் இடத்தை அது பிடித்தது. இம்மாற்றம் எளிதில் நிகழவில்லை. காப்பி உடலைக் கெடுக்கும், செலவைப் பெருக்கும், பெண்களைச் சோம்பலில் ஆழ்த்தும் என்றெல்லாம் கண்டனங்கள் எழுந்தன. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூல், காப்பி எவ்வாறு நடுத்தர வகுப்பின் நவீனத்துவ அடையாளமாயிற்று என்பதையும், தேநீர் உழைக்கும் மக்களோடு இணைக்கப்பட்டதையும் விரிவாக எடுத்துரைக்கிறது.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. இத்துணைக் கண்டனங்களையும் மீறி அப்பானம் நிலைபெற்றது ஏன்? சுவை, தகுதி என்னும் காரணங்களோடு வேலையின் தன்மையும் சேர்த்து எண்ணத்தக்கது. வயலில் உழைப்பவருக்கு நண்பகல்வரை தாங்கும் உணவு வேண்டும். நீராகாரம் அதற்கு ஏற்றது. வழக்குக் கட்டுகளைப் படிக்கும் வழக்கறிஞருக்கும், கணக்கெழுதும் குமாஸ்தாவுக்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கும் தேவைப்பட்டது வயிற்றை நிரப்பும் உணவன்று, கண்ணயர்வை விலக்கும் பானம். கடிகார நேரத்துக்கு உட்பட்ட எழுத்து வேலையின் பெருக்கமும் காப்பியின் பெருக்கமும் ஒரே காலத்தவை.

மயிலாப்பூர் வீட்டுக் காலை

வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் அரசு அலுவலரும் செறிந்து வாழ்ந்த மயிலாப்பூரில் இத்தொடர்பு தெளிவாகக் காணலாகிறது. ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ என்னும் சட்ட இதழும் ‘கலைமகள்’ இலக்கிய இதழும் இவ்வட்டாரத்தோடு தொடர்புடையவை. எழுத்தும் வாசிப்புமே தொழிலாகக் கொண்டோரின் நாள், செய்தித்தாளோடும் காப்பியோடும் தொடங்கிற்று.

வீட்டுக் காப்பிக்கு ஒரு முறைமை உண்டு. இரண்டு அடுக்குப் பித்தளை ஃபில்டரின் மேலடுக்கில் தூளை இட்டு, கொதிநீர் ஊற்றி, டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கக் காத்திருக்க வேண்டும். முதல் டிகாக்‌ஷன் கெட்டியானது, இரண்டாவது நீர்த்தது. பசும்பாலைக் காய்ச்சிக் கலந்து, டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் ஆற்றிய பின்னரே குடிக்க இயலும். கொட்டையை வீட்டிலேயே வறுத்து அரைத்த காலமும் இருந்தது. பிறகு பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு, சிக்கரி இவ்வளவு எனக் கடையில் சொல்லி அரைத்து வாங்கும் வழக்கம் ஏற்பட்டது.

இம்முறைமையின் பயன் இருவகையானது. ஒன்று, பானத்தின் விளைவு. மற்றொன்று, வேலை தொடங்கப்போகிறது என்பதை மனத்துக்கு உணர்த்தும் ஒழுங்கு. ஆனால் அவ்வொழுங்கின் சுமை பெண்கள்மீதே விழுந்தது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டி டிகாக்‌ஷன் இறக்கியவர் அவ்வீட்டுப் பெண். அதைக் குடித்துவிட்டுத் தடையின்றிச் சிந்திக்கும் காலைப்பொழுதைப் பெற்றவர் பெரும்பாலும் ஆண். ஒருவரது கவனத்துக்கு மற்றொருவரது உறக்கம் விலையாயிற்று.

காப்பி ஹோட்டலும் இலக்கியமும்

வீட்டுக்கு வெளியே ‘காப்பி கிளப்’ என்றும் ‘காப்பி ஹோட்டல்’ என்றும் வழங்கிய கடைகள் தோன்றின. குறைந்த செலவில், அழைப்பின்றி, யாரும் யாரையும் சந்திக்கத்தக்க இடமாக அவை அமைந்தன. சென்னை மாகாணத்தில் 1937 இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948 இல் மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. அதன்பின் மாலையில் கூடிப் பேசுவதற்குரிய பொது இடமாகக் காப்பி ஹோட்டலின் இன்றியமையாமை மேலும் கூடியது எனலாம்.

இலக்கியத்திலும் இது பதிவாகியுள்ளது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ (1943) என்னும் சிறுகதையில் கையிலுள்ள சில்லறையைக் கணக்கிட்டபடி நிற்கும் பத்திரிகைக்காரரான பிள்ளையைக் கடவுள் சந்திக்கிறார். இருவரும் முதலில் செல்வது காப்பி ஹோட்டலுக்கு. காப்பியில் கலந்த சிக்கரியை வைத்தே கடவுளின் பெருமிதம் நகையாடப்படுகிறது. அறிமுகமற்ற இருவர் சமமாக அமர்ந்து பேசத்தக்க இடம் நகரத்தில் எதுவென எண்ணிய எழுத்தாளருக்குக் காப்பி ஹோட்டலே புலப்பட்டது என்பது கருதத்தக்கது.

நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்ட தியாகராய நகர், கோடம்பாக்கம் திரைப்பட நிலையங்களுக்கு அண்மையில் இருந்தமையால், திரைத்துறையினர் தங்கும் பகுதியாயிற்று. வாய்ப்புத் தேடி வந்து சிறு அறைகளில் தங்கியோருக்கு உட்கார்ந்து கதை பேச அறையில் இடமில்லை; பாண்டி பஜார்ப் பகுதியின் ஹோட்டல் மேசைகளே கூடமாயின. மார்கழி இசைவிழாக் காலத்தில் மயிலாப்பூர்ச் சபாக்களின் கேண்டீன்களும் இத்தகையவையே. கச்சேரி முடிந்ததும் அதன் நிறைகுறைகள் அலசப்படுவது அங்குதான்.

மேசைக்கு இட்ட வேலி

எனினும், சமமாக அமரும் இடம் என்பது எல்லோருக்கும் உண்மையாக இருக்கவில்லை. பல காப்பி ஹோட்டல்கள் ‘பிராமணாள்’ என்னும் பெயர்ப்பலகையைத் தாங்கி நின்றன. பிராமணர்க்கும் பிறர்க்கும் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வரவே தடுக்கப்பட்டனர். இரயில் நிலைய உணவகங்களில் நிலவிய இத்தகைய பிரிவினை, நெடிய எதிர்ப்புக்குப் பின் 1941 இல் நீக்கப்பட்டது.

மயிலாப்பூரை அடுத்த திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்னும் சொல்லை அகற்றக் கோரி, பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் திராவிடர் கழகம் 1957 மே மாதம் மறியலைத் தொடங்கியது. நாள்தோறும் தொண்டர்கள் சென்று கைதாயினர். மறியல் மாதக்கணக்கில் நீடித்து, பெயர்ப்பலகையில் அச்சொல் நீங்கிய பின்னரே 1958 இல் நிறைவுற்றது.

அப்போராட்டத்தின் பொருளை ஒரு கோப்பைக் காப்பியின் விலையால் அளவிட இயலாது. காப்பி மேசையில்தான் வேலை பற்றிய செய்தி கிடைத்தது, நூல் கைமாறியது, பதிப்பாளர் அறிமுகமானார், கதை கேட்கப்பட்டது. அம்மேசையிலிருந்து விலக்கப்படுவது அறிவுப் பரிமாற்றத்திலிருந்தே விலக்கப்படுவதாகும்.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்

உடுப்பி வட்டாரத்திலிருந்து சென்னைக்கு வந்து எளிய ஹோட்டல் பணியாளராக வாழ்வைத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், 1938 இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலை நிறுவினார். அதன் தொடர்ச்சியாக மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் (இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை) நியூ உட்லண்ட்ஸ் எழுந்தது. 1962 இல் கதீட்ரல் சாலையில், வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் மரங்கள் அடர்ந்த நிலத்தில், டிரைவ்-இன் உணவகம் திறக்கப்பட்டது.

வண்டியிலிருந்தபடியே உண்பது அதன் புதுமை. ஆனால் நகரம் அதை வேறு வகையில் பயன்படுத்திக்கொண்டது. வண்டியில்லாதோரும் உள்ளே மேசைகளில் அமர்ந்தனர். மருந்து நிறுவனங்களின் விற்பனைப் பிரதிநிதிகள் அன்றைய அறிக்கையை எழுதினர், செய்தியாளர்கள் கூடினர், உதவி இயக்குநர்கள் திரைக்கதையைப் பேசித் திருத்தினர், மாணவர்கள் தேர்வுக்குப் படித்தனர். ஒரு காப்பிக்கு நெடுநேரம் அமரலாம் என்னும் தாராளம் அவ்விடத்தின் உண்மையான முதலீடாக இருந்தது. 2008 இல் நிலம் அரசின் கைக்குச் சென்றதும் உணவகம் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010 நவம்பரில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. நகரத்துக்குப் பூங்கா ஒன்று கிடைத்தது. மேசையோடு கூடிய நிழல் ஒன்று போயிற்று.

இதற்குள் குளிரூட்டப்பட்ட காப்பிக் கடைகள் அடையாறு, தியாகராய நகர்ப் பகுதிகளில் பெருகியிருந்தன. மடிக்கணினியோடு வேலை செய்வோரை அவை வரவேற்கின்றன. வேலி இப்போது சாதிப் பெயரால் அன்று, விலைப்பட்டியலால் இடப்படுகிறது.

அறிவியல் கூறுவது

காப்பியின் ஆற்றலுக்குக் காரணமான காஃபீனை 1819 இல் ஜெர்மானிய வேதியியலாளர் ருங்கே பிரித்தெடுத்தார்; அவ்வாய்வுக்கு அவரைத் தூண்டியவர் கவிஞர் கோத்தே. விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் சேரும் அடினோசின் என்னும் பொருள் களைப்பை உணர்த்துகிறது. அது பொருந்தும் ஏற்பிகளைக் காஃபீன் அடைத்துக்கொள்வதால் களைப்புணர்வு தள்ளிப்போகிறது. நீண்ட நேரம் ஒரே பணியில் விழிப்போடிருத்தல், விரைந்து எதிர்வினையாற்றல் ஆகியவற்றில் இதன் பயன் பல சோதனைகளில் உறுதியாகியுள்ளது. நாள்தோறும் அருந்துவோரிடம் இப்பயனின் ஒரு பகுதி, காப்பி இல்லாமையால் வந்த மந்தத்தை நீக்குவதே என்பதும் அறியப்பட்டுள்ளது.

படைப்பூக்கத்தைப் பொறுத்தவரை முடிவு வேறு. டார்யா சபெலினாவும் பால் சில்வியாவும் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், 200 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டோர் ஒரே சரியான விடையை நோக்கிச் செல்லும் சிக்கல் தீர்த்தலில் மேம்பட்டனர். பல புதிய கருத்துகளைப் பெருக்கும் திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. அதாவது, எழுதியதைத் திருத்தக் காப்பி உதவலாம். எழுத வேண்டியதைக் கண்டுபிடிக்க அதுவே போதாது.

அளவும் நேரமும் கருதத்தக்கவை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015 இல் உடல்நலமுள்ள பெரியவர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம்வரையும், கருவுற்றோர்க்கு 200 மில்லிகிராம்வரையும் காஃபீன் பாதுகாப்பானது என்றது. உடலிலுள்ள காஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ 5 மணிநேரம் ஆகும். எனவே மாலைக் காப்பி இரவு உறக்கத்தைக் குறைத்து, மறுநாள் கவனத்தைக் கெடுக்கக்கூடும். சிக்கரியில் காஃபீன் இல்லை. ஆதலால் சிக்கரி மிகுந்த காப்பியின் கருமை அதன் ஆற்றலுக்குச் சான்றாகாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, காப்பி கவனத்துக்குத் துணை என்னும் மயிலாப்பூர் வீட்டு நம்பிக்கை, அளவறிந்து அருந்தும்வரை அறிவியலோடு ஒத்துச்செல்கிறது. இரண்டாவது, காப்பி படைப்பூக்கத்துக்குத் துணை என்னும் நம்பிக்கையில் துணைநின்றது பானத்தைவிட மேசையே. அறையில்லாதவனுக்கு அறையாகவும், அறிமுகமில்லாதவனுக்கு அறிமுகமாகவும் அம்மேசை இருந்தது. அதனால்தான் 1957 இல் அதன்பொருட்டு மக்கள் சிறை சென்றனர். 2008 இல் அது மறைந்தபோது நகரத்தார் வருந்தினர். சென்னையின் படைப்பு வாழ்வைப் பேண விரும்புவோர் கருத வேண்டியது தூளின் தரத்தை மட்டுமன்று. குறைந்த விலையில் நெடுநேரம் எவரும் அமரத்தக்க இடங்கள் இந்நகரில் எத்தனை எஞ்சியுள்ளன என்பதையும் ஆகும்.