வருடத்துக்கு ஒரு ஊசி - நாயை டாக்டரிடம் கூட்டிப்போகும் வழக்கம் வந்த கதை

உடம்புக்கு ஒன்றுமில்லாத நாயை வருடம் ஒருமுறை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஊசி போட்டு, அட்டையில் அடுத்த தேதியை எழுதி வாங்கிக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். இருநூறு வருடங்களுக்கு முன்னால் இப்படிச் செய்திருந்தால் ஊரே சிரித்திருக்கும். நோயே இல்லாத நாய்க்கு டாக்டரா?

முதல் கால்நடை மருத்துவப் பள்ளி பிரான்ஸில் உள்ள லியோன் நகரத்தில் வந்தது. 1761-ல் அரசாங்க அனுமதி, 1762-ல் வகுப்புகள். ஆரம்பித்தவர் குளோட் பூர்ஷலா. வக்கீலுக்குப் படித்தவர், குதிரையேற்றப் பள்ளி நடத்தியவர். அரசாங்கம் பணம் கொடுத்தது பிராணிகள் மேல் இருந்த அன்பினால் அல்ல. மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த வெக்கை நோயை எப்படியாவது நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். (அந்த நோய் உலகத்தில் அடியோடு ஒழிந்தது என்று அறிவிக்க 2011 வரை ஆயிற்று!) 1791-ல் லண்டனில் வந்த கல்லூரிக்கோ குதிரைதான் எல்லாம். குதிரை வண்டி இழுத்தது, போருக்குப் போனது. அதாவது அது ஒரு முதலீடு. நாய்க்கு அந்தக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை. தமிழில் இன்றைக்கும் பூனைக்கு வைத்தியம் பார்ப்பவரைக்கூட 'கால்நடை மருத்துவர்' என்றுதான் சொல்கிறோம். அந்தப் பழைய கணக்கு வார்த்தையில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மோட்டார் வண்டி வந்தது. நகரத்துக் குதிரைகள் குறைந்தன, குதிரை வைத்தியர்களின் வருமானமும் குறைந்தது. வேறு நோயாளிகளைத் தேட வேண்டிய நிலைமை. 1917-ல் லண்டன் வொயிட்சேப்பல் பகுதியில் மரியா டிக்கின் என்ற பெண்மணி ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருத்துவமனை திறந்தபோது கூட்டம் அலைமோதியது. ஆனால் அங்கே வந்ததெல்லாம் நோய்வாய்ப்பட்ட பிராணிகள்தான். நன்றாக இருக்கும் நாயைக் கூட்டிவருவதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அந்தக் காரணத்தைக் கொடுத்தது டிஸ்டெம்பர் என்ற நோய்.

சளி, காய்ச்சல், பிறகு வலிப்பு, பிறகு சாவு. குட்டி நாய்களை அள்ளிக்கொண்டு போகும் இந்த நோயைப் பற்றி, அம்மை ஊசியால் பேர் வாங்கிய எட்வர்ட் ஜென்னரே 1809-ல் எழுதியிருக்கிறார். 1905-ல் ஹென்றி கார்ரே என்ற பிரெஞ்சுக்காரர் இது வைரஸால் வருகிறது என்று காட்டினார். பலர் நம்பவில்லை.

இங்கிலாந்தில் 'தி ஃபீல்ட்' என்று வேட்டைக்காரர்கள் படிக்கும் ஒரு பத்திரிகை. நரி வேட்டை நாய்கள் டிஸ்டெம்பரில் செத்துக்கொண்டே இருந்ததால், 1920-களில் அந்தப் பத்திரிகை வாசகர்களிடம் நிதி திரட்டியது. அந்தப் பணத்தில் லண்டனை ஒட்டிய மில் ஹில்லில் ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று. பாட்ரிக் லெயிட்லா, டங்கின் என்ற இருவருக்கும் வந்த பெரிய தலைவலி என்ன தெரியுமா? எந்த நாய்க்கு ஏற்கெனவே நோய் வந்து போயிருக்கிறது, எதற்கு வரவில்லை என்று சொல்லவே முடியாது. அதனால் வெளியுலகக் காற்றே படாத மாதிரி தனிக் கொட்டகையில் நாய்களை வளர்த்தார்கள். உள்ளே போகிறவர்கள் குளித்து உடை மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஃபெரெட் என்ற கீரி மாதிரியான பிராணிக்கும் இந்த நோய் வரும் என்பதால் அதையும் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1928-ல் தடுப்பூசி தயார் என்ற செய்தி வந்தது. 1933-ல் மனிதனின் ஃப்ளூ வைரஸைக் கண்டுபிடித்ததும் இதே ஃபெரெட்டுகளை வைத்துத்தான், அதில் லெயிட்லாவுக்கும் பங்கு உண்டு. நாய்க்காக வசூலித்த பணம் மனிதனுக்கும் வட்டி கொடுத்தது!

1950-களில் இன்னும் நல்ல தடுப்பூசிகள் வந்தன. ஒருமுறை போட்டால் எத்தனை வருடம் தாங்கும் என்று நீண்ட காலம் சோதித்துப் பார்க்கவில்லை. ஆகவே 'வருடத்துக்கு ஒருமுறை' என்பது வழக்கமாகிவிட்டது. ரேபிஸ் ஊசியும் சேர்ந்துகொண்டது. ஜப்பான் 1950-ல் நாய்களுக்கு ரேபிஸ் ஊசியைச் சட்டமாக்கி, 1957-லேயே நோயை நாட்டைவிட்டு விரட்டிவிட்டது. 1978-ல் பார்வோ என்ற புது வைரஸ் உலகம் முழுக்கப் பரவிக் குட்டிகளைக் கொன்றபோது, மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. வருடா வருடம் நினைவூட்டல் அட்டை வரும், நாய் போகும், ஊசி விழும். போன இடத்தில் டாக்டர் பல்லையும் பார்ப்பார், வயிற்றையும் அமுக்கிப் பார்ப்பார். அது இலவச இணைப்பு மாதிரி. வியாபாரத்தில் இதற்குப் பேர் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொருளுக்காக வருகிறவரிடம் இன்னொன்றையும் சேர்த்துக் கொடுப்பது.

சிக்கல் பிறகு வந்தது. 1991-ல் பூனைகளுக்கு ஊசி போட்ட இடத்திலேயே, அபூர்வமாக, புற்றுநோய்க் கட்டி வருவதை அமெரிக்காவில் கவனித்தார்கள். டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகளின் பலன் பல வருடம் நீடிக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டின. 2003-ல் அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம், வளர்ந்த நாய்க்கு இந்த ஊசிகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்று வழிகாட்டியது. (எலிக்காய்ச்சல் ஊசி அப்படியல்ல, அது வருடா வருடம் வேண்டும். இந்தியாவில் ரேபிஸ் ஊசியும் வருடா வருடம் போடுவதுதான் வழக்கம். இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியை நிறுத்திவிட வேண்டாம்.)

உடனே எழுந்த கேள்வி: ஊசி இல்லையென்றால் எதற்குப் போக வேண்டும்? இலவச இணைப்பாக இருந்த பரிசோதனை தன் சொந்தக் காலில் நிற்க வேண்டி வந்தது.

நிற்கவும் செய்தது. 2002-ல் வெளியான ஒரு ஆய்வில் 48 லாப்ரடார் நாய்களை, குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்திருந்தார்கள். பாதி நாய்களுக்கு மற்ற பாதியைவிடக் கால் பங்கு குறைவான சாப்பாடு. ஒல்லியாக இருந்தவை நடுக்கணக்கில் 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் ஒல்லி நாய்களுக்குத் தாமதமாகவே வந்தது. கிட்டத்தட்ட இரண்டு வருட ஆயுள், ஊசியே இல்லாமல்! இதற்கு வேண்டியது ஒரு தராசும் போன வருடக் கணக்கும்தான். பன்னிரண்டு கிலோ நாய் ஒரு வருடத்தில் ஒன்றரை கிலோ ஏறினால், தினமும் பார்க்கும் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியாது. அட்டையில் எழுதியிருந்தால் தெரியும். பூனை இளைப்பதும் அப்படித்தான். வயதான பூனைக்குச் சிறுநீரகம் கெடுவதன் முதல் அடையாளமாகவே அது இருக்கலாம்.

ஆனால் டாக்டர் பார்ப்பது கால் மணி நேரம். மிச்ச நாளெல்லாம் பார்ப்பது வீட்டுக்காரர். மேஜைமேல் ஏற்றியதும் பயத்தில் நொண்டுவதை மறைத்துவிடும் நாய் உண்டு, டாக்டர் எதிரில் ஒருமுறைகூட இருமாத நாயும் உண்டு. வீட்டில் நொண்டும்போது, இருமும்போது செல்போனில் எடுத்த அரை நிமிட வீடியோ ஆயிரம் வார்த்தை விளக்கத்தைவிட உபயோகம். அன்றைக்குக் காலையில் பிடித்த மலம் ஒரு சின்ன டப்பாவில் (முகம் சுளிக்க வேண்டாம், குடல் புழு அதில்தான் தெரியும்). சாப்பாடு என்ன, எவ்வளவு என்ற உண்மைக் கணக்கு. தாத்தா ரகசியமாகப் போடும் பிஸ்கட்டும் அதில் சேர்த்தி. தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா என்பதும் சேர்த்தி. ஊசி அட்டையின் பின்பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். எடையையும் தேதியையும் அங்கேயே எழுதிக்கொள்ளலாம்.