முந்திரி இல்லாத முந்திரிக்கொத்து: தென் திருவிதாங்கூர்க் கிறிஸ்துமஸ் பந்தியின் சொல்வரலாறு

டிசம்பர் பிறந்துவிட்டால் திருவனந்தபுரம் ஆரியசாலையிலும் அதையொட்டிய சாலைக் கடைத்தெருவிலும் காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிவிடுகின்றன. பேக்கரிகளின் முகப்பில் கேக் பெட்டிகள் அடுக்கடுக்காக எழுகின்றன. அதே தெருவின் மளிகைக் கடைகளில் சிறுபயறு, வெல்லம், எள், ஏலக்காய், பச்சரிசி ஆகியவற்றைச் சேர்த்து வாங்கிச் செல்வோரையும் காணலாம். முதல் வகைக் கொள்முதலைப் பற்றி ஆண்டுதோறும் நாளிதழ்கள் எழுதுகின்றன. இரண்டாம் வகையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தென் திருவிதாங்கூரில் கிறிஸ்துமஸ் உணவு என்பதன் வரலாறு இந்த இரண்டாம் வகைக்குள்தான் மிகுதியாக இருக்கிறது என்பது என் கருத்து. அதைச் சில சொற்களின் வழியே விளக்க முயல்கிறேன். மொழியியல் மாணவர்களுக்கும் சமூக வரலாற்று மாணவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

1. சாலை

இடப்பெயரிலிருந்து தொடங்கலாம். இன்றைய தமிழில் 'சாலை' என்றால் வழி, தெரு. பழைய கல்வெட்டுத் தமிழில் அது கூடம். குறிப்பாக, மாணவர் தங்கி உண்டு கற்கும் இடம். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலை 95 சட்டர்களுக்கு, அதாவது மாணவர்களுக்கு, உணவும் கல்வியும் அளிப்பதற்கானது. அதன் செப்பேடு காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் குறிப்பிடுகிறது. காந்தளூர்ச் சாலையை வலியசாலைப் பகுதியோடு பொருத்துவோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. அவ்விவாதத்துக்குள் நான் செல்லவில்லை. வலியசாலை, ஆரியசாலை போன்ற பெயர்களில் எஞ்சியிருக்கும் சொல் ஒரு காலத்தில் சோறிடும் இடத்தையும் குறித்தது என்பதே இங்கு வேண்டிய செய்தி. அந்தச் சோறு எல்லாருக்கும் உரியதன்று என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். சட்டர்கள் பிராமண மாணவர்கள். பிற்காலத் திருவிதாங்கூரின் ஊட்டுப்புரைகளும் பிராமணர்களுக்கே இலவச உணவளித்தன.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் சாலைச் சந்தையை உருவாக்கினார். 1795இல் தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. நாஞ்சில்நாட்டின் விளைபொருள்களோடு தமிழ் பேசும் வணிகர்களும் இங்கு நிலைகொண்டனர். இன்றும் நவராத்திரிக்கு வேளிமலைக் குமாரசுவாமி கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து எழுந்தருளித் தங்குவது ஆரியசாலை அம்மன் கோயிலில்தான். தெற்கோடு இவ்வட்டாரத்துக்கு உள்ள உறவு வழிபாட்டிலும் வணிகத்திலும் மொழியிலும் ஒருசேரத் தொடர்கிறது. உணவிலும் அப்படியே.

2. முந்திரி

நாகர்கோவில் வட்டாரத்தின் பெயர்பெற்ற பலகாரம் முந்திரிக்கொத்து. தீபாவளிக்கும் திருமணச் சீருக்கும் செய்வார்கள். கிறிஸ்தவ வீடுகளில் அது கிறிஸ்துமஸ் பலகாரம். சிறுபயற்றை வறுத்து உடைத்து மாவாக்கி, வெல்லப்பாகு அல்லது கருப்பட்டிப் பாகில் தேங்காய், எள், ஏலக்காயுடன் சேர்த்து உருட்ட வேண்டும். உருண்டைகளை மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்து, மும்மூன்றாக ஒட்டியபடி எண்ணெயில் பொரிக்க வேண்டும். பல நாள் கெடாது. ஆகவே, அண்டை வீடுகளுக்கும் தொலைவில் உள்ள உறவினர்க்கும் கொடுத்தனுப்ப ஏற்றது.

இதில் முந்திரிப்பருப்பு ஒன்றுகூட இல்லை. சென்னையிலிருந்து வரும் நண்பர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு. விடை சொல்லின் வரலாற்றில் இருக்கிறது. பழந்தமிழில் முந்திரிகை என்பது திராட்சை. சமஸ்கிருதத்தின் 'மிருத்விகா' என்னும் சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவர். (1/320 என்னும் பின்னத்தைக் குறிக்கும் 'முந்திரி' வேறு.) போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து ஒரு மரத்தைக் கொண்டுவந்தனர். தமிழ் தன்னிடமிருந்த பெயரையே அதற்கும் சூட்டியது. கொட்டைமுந்திரி, கொடிமுந்திரி என்று அடைகொடுத்துச் சிலகாலம் வேறுபடுத்தினர். பின்னர்த் திராட்சைக்குத் 'திராட்சை' என்னும் சொல்லே நிலைத்துவிட, முந்திரி முழுவதுமாகப் புதிய மரத்துக்குப் போய்விட்டது.

மலையாளம் அவ்வழி செல்லவில்லை. அங்கு முந்திரி இன்றும் திராட்சையே. மற்றது பறங்கியண்டி அல்லது கசுவண்டி. கன்னியாகுமரித் தமிழும் அண்டிப்பருப்பு, கொல்லாங்கொட்டை என்ற சொற்களால் அதைத் தனியே நிறுத்தியது. ஆகவே, முந்திரிக்கொத்து என்பது திராட்சைக் கொத்து. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கிடக்கும் வடிவத்துக்கு இட்ட உவமைப் பெயர். பொதுத்தமிழ் கைவிட்ட பொருளை ஒரு பலகாரம் காத்துவைத்திருக்கிறது. ஆரியசாலைக் கடையொன்றில் 'முந்திரி' என்று கேட்டால் எந்த மொழியில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே பொருள் கிடைக்கும். பாயசத்துக்கு 'அண்டிப்பருப்பும் முந்திரியும்' என்று பட்டியல் சொல்பவர் கேட்பது ஒரே பொருளை இருமுறை அன்று.

3. கேக்

கேரளத்தின் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பரவலாகச் சொல்லப்படும் தொடக்கக் கதை தலச்சேரியைச் சேர்ந்தது. அஞ்சரக்கண்டித் தோட்டத்து ஆங்கிலேயரான மர்டாக் பிரவுன், 1883இல் தலச்சேரியில் பிஸ்கட் தொழிற்கூடம் நடத்திய மாம்பள்ளி பாப்புவிடம் இங்கிலாந்திலிருந்து வந்த கேக்கைக் காட்டி, அதுபோல் ஒன்று செய்யச் சொன்னார். பிராந்தி சேர்க்க வேண்டும் என்பது அறிவுரை. பாப்புவோ பறங்கிமாம்பழமும் கதலிப்பழமும் கொண்டு வடித்த உள்ளூர் மதுவைச் சேர்த்தார் என்பது கதை. கதையின் நுணுக்கங்கள் எவ்வளவு மெய்யாயினும், அதன் அமைப்பு கவனத்துக்குரியது. திராட்சை மதுவின் இடத்தில் கொல்லாம்பழச் சாறு வந்து அமர்கிறது. முந்திரி என்னும் சொல்லுக்குத் தமிழில் நேர்ந்த இடமாற்றம் அடுப்படியிலும் நேர்ந்திருக்கிறது. அயலிலிருந்து வந்த பண்டிகை உணவை உள்ளூர் கைக்கொண்ட முறையே இதுதான்: வடிவத்தை எடுத்துக்கொள்வது, உள்ளடக்கத்தைத் தோட்டத்திலிருந்து நிரப்புவது.

ஆனால், கேக் வாங்கப்படும் பொருளாகவே பெரிதும் பரவியது. அது குடும்பத்தின் மேசைக்கு வருவது. மேசை என்பதும் போர்த்துகீசியச் சொல்லே. இலங்கைத் தமிழர் கிறிஸ்துமஸைக் குறிக்கும் நத்தார் என்னும் சொல்லும் அம்மொழியின் 'நத்தால்' என்பதிலிருந்து வந்ததே. மேசைக்கு முந்திய ஓர் அமைப்பு தெற்கில் இருந்தது. அதுதான் பந்தி.

4. பந்தி, ஊழியம், அசனம்

பந்தி என்பது 'பங்க்தி', வரிசை. ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணத் தகுந்தவர் யார், தகாதவர் யார் என்று பிரிப்பதற்குச் சாதிச் சமூகம் பயன்படுத்திய சொல். வரலாற்றில் இச்சொல் எவ்வாறு திருப்பப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயம், சாதி வேறுபாடு பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகியதே பகைக்கு ஒரு காரணம் என்று கத்தோலிக்கத் திருச்சபை பதிவுசெய்திருக்கிறது. 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். கிறிஸ்தவத்துக்கு வெளியேயும் இதே போராட்டம் நடந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியினரும் கூடியுண்ண வழிசெய்தார். ஆரியசாலைக்கு அருகிலுள்ள தைக்காட்டில், தமிழரான தைக்காடு அய்யாவு சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பந்திபோஜனம் நடத்தினார். 1917இல் செறாயியில் சகோதரன் அய்யப்பன் நடத்திய மிசிரபோஜனம் இவ்வரிசையில் பிந்தியது. பிரிக்கும் சொல்லுக்குச் 'சம' என்னும் முன்னொட்டு சேர்ந்ததும் அது சமபந்தியாக, இணைக்கும் சொல்லாயிற்று.

விருந்துக்கு முதல் தேவை உணவன்று, ஓய்வு. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட கூலியில்லா வேலைக்கு ஊழியம் என்று பெயர். ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்து இலண்டன் மிஷன் பணியைத் தொடங்கினார். 1810இல் ரெசிடென்டாக வந்து பின்னர் திவான் பொறுப்பையும் வகித்த கர்னல் மன்றோவின் காலத்தில், கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையிலிருந்து விலக்கு கிடைத்தது. குடும்பத்தோடு அமர்ந்து உண்ணுவதற்கு ஒரு நாள் என்பது, அம்மக்களுக்கு அரசாணையால் கிடைத்த பொருள். அதே ஊழியம் என்னும் சொல் இன்று சீர்திருத்தக் கிறிஸ்தவர் நாவில் இறைப்பணியைக் குறிக்கும் மதிப்புச் சொல். வலிந்து வாங்கப்பட்ட உழைப்பின் பெயர் விரும்பித் தரும் உழைப்பின் பெயராக உயர்ந்தது.

இம்மாற்றம் அமைதியாக நிகழவில்லை. தோள்சீலைப் போராட்டத்தின் இறுதிக் கட்டத்தில், 1858 அக்டோபருக்கும் 1859 பிப்ரவரிக்கும் இடையே ஒன்பது ஆலயங்களும் மூன்று பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1858ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் இந்த ஐந்து மாதங்களுக்கு நடுவில் வந்தது. மேலாடை அணிந்து ஆலயத்துக்குச் செல்வதே ஆபத்தாக இருந்த பண்டிகை அது. 1859 ஜூலை 26 அறிவிப்புதான், அதுவும் நிபந்தனையோடு, சாணார் பெண்களின் மேலாடை உரிமையை ஏற்றது. இன்று நாம் 'கிறிஸ்துமஸ் புத்தாடை' என்று எளிதாகச் சொல்லும் தொடரின் பின்னால் இந்த வரலாறு நிற்கிறது.

அசனம் என்னும் சொல்லை இப்பின்னணியில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். வடமொழியில் 'அசன' என்றால் உண்ணுதல், உண்ணாநோன்பு 'அனசன'. பொதுத்தமிழில் வழக்கொழிந்த இச்சொல் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதிச் சீர்திருத்தச் சபைகளில் உயிரோடு இருக்கிறது. சபையார் அரிசியும் பணமும் காய்கறியும் உழைப்பும் தந்து, ஆலய வளாகத்தில் பெரிய பாத்திரங்களில் சமைத்து, எல்லாரும் ஒன்றாக உண்ணும் பொதுவிருந்து அது. பெரும்பாலும் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையிலும், சில ஊர்களில் கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் காலத்திலும் நடைபெறும். வீட்டுக்கு ஒரு பாத்திரத்தில் சோறும் குழம்பும் வாங்கிச் செல்வதும் வழக்கம்.

ஆயினும், இதைச் சமத்துவத்தின் முழு வெற்றியாகச் சித்தரிப்பது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஒருவர் சாதியைக் கைவிட்டதற்குச் சான்று, தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்பதே என்று 1850இல் சென்னை மிஷனரி மாநாடு தீர்மானிக்க வேண்டியிருந்தது. லைப்சிக் லுத்தரன் மிஷனார் அதை ஏற்கவில்லை. ஞானஸ்நானம் பெற்றுப் பல தலைமுறை கழிந்தபின்னும் பந்தியில் அமர மறுத்தோர் இருந்தனர் என்பதற்கு அத்தீர்மானமே சான்று. எனவே, அசனத்தை ஆராய்பவர் கேட்க வேண்டிய வினா 'யார் உண்டார்கள்?' என்பது மட்டுமன்று, 'யார் சமைத்தார்கள்?' என்பதும்தான்.

5. எல்லையும் பண்டிகையும்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) இணைந்தன. மூன்று ஆண்டுகளில், 1959இல், தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர் மறைமாவட்டமும் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாகப் பிரிந்தது. ஆட்சி எல்லை மாறியது. சபை எல்லையும் மாறியது. பலகாரத்தின் எல்லை மாறவில்லை. முந்திரிக்கொத்து களியக்காவிளையின் இருபுறமும் அதே பெயரில் வழங்குகிறது. ஒருபுறம் அதன் பெயர் தெளிவாகப் புரிகிறது. மறுபுறம் விளக்கம் தேவைப்படுகிறது. அவ்வளவே வேறுபாடு.

இன்று இவ்வழக்கு மெல்லச் சுருங்கிவருகிறது. பயறு வறுத்து உடைப்பதற்கு ஒரு நாளும் நான்கைந்து கைகளும் வேண்டும். வீட்டில் அத்தனை பேர் இல்லாத இடத்தில் கேக் பெட்டி அவ்வேலையை முடித்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பலகார வேலை பெரும்பாலும் பெண்கள்மீதே விழுந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. ஆனால், கூடிச்செய்யும் வேலை நிற்கும்போது, அவ்வேலையின்போது மட்டும் பேசப்பட்ட சொற்களும் நிற்கின்றன. உடைத்தல், புடைத்தல், பாகுபதம், மாவுக்கூட்டு என ஒவ்வொரு நிலைக்கும் வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் வேறுபட்ட சொற்கள் உண்டு. அவற்றுள் பல அகராதி ஏறாதவை.

ஆகவே, மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ அடுப்பைச் சுற்றி வழங்கும் சொற்களைப் பதிவுசெய்யுங்கள். சொல்பவரின் ஊர், வயது, மணமாகி வந்த ஊர் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெண்களின் இடப்பெயர்ச்சியே சமையற்சொற்களின் இடப்பெயர்ச்சி. பாட்டிமார் இருந்தால், அவர்கள் சிறுமியராக இருந்தபோது கிறிஸ்துமஸ் பலகாரம் எந்தெந்த வீடுகளுக்குப் போயிற்று, எந்தெந்த வீடுகளிலிருந்து திரும்பி வந்தது, எந்த வீடுகளுக்குப் போகவேயில்லை என்றும் கேளுங்கள். கடைசி வினாவுக்கு உடனே விடை வராமல் போகலாம். காத்திருந்து கேளுங்கள், ஏனெனில், ஏட்டில் எழுதப்படாத சாதி வரைபடம் ஒன்று அந்த விடையில் இருக்கிறது.

அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள்.