பதினெட்டு வயதில் வந்த தீர்ப்பு

பிள்ளைப்பேற்றில் நேரும் கேட்டை விதியென்று ஆற்றிக்கொள்வது நம் வழக்கம். அது தவிர்த்திருக்கக்கூடியதா என்று கேட்க எளிய வழி திறந்தது அண்மையில்தான். மருத்துவப் பணியும் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துள் அடங்கும் என 1995 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யாவர்க்கும் இலவசமாகவே மருத்துவம் செய்யும் இடங்களுக்கு மட்டும் விலக்கு. சிலரிடமேனும் கட்டணம் பெறும் அரசு மருத்துவமனைக்கு விலக்கில்லை.

மறு ஆண்டு, சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பெண்மகவு குறைமாதத்தில் பிறந்தது. எடை 1,250 கிராம். இத்தகைய குழந்தைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறிக்கக்கூடும்; சில வாரங்களுக்குள் சோதித்தால் பெரும்பாலும் காக்கலாம். அச்சோதனை நடக்கவில்லை, பெற்றோரிடம் சொல்லப்படவும் இல்லை. குழந்தை பார்வையிழந்தது.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. தந்தை உச்ச நீதிமன்றம் சென்றார். விலைவாசி உயர்வையும் கருதி, 2015 ஜூலை 1 அன்று அத்தொகை ஏறத்தாழ 1.8 கோடியாயிற்று. மகளுக்கு அப்போது வயது பதினெட்டு.

எல்லாத் தந்தையராலும் இத்தனை தொலைவு நடக்கவியலாது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அத்தொலைவைச் சற்றே குறைத்தது: மருத்துவமனை எவ்வூரில் இருந்தாலும், கோட்டைப்பட்டினத்துக் குடும்பம் புதுக்கோட்டை மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அமர்த்தித்தரும். நாம் முதலில் கேட்டுப் பெறவேண்டியது மருத்துவக் குறிப்பேட்டின் நகல். எழும்பூர் வழக்கிலும், எழுதப்படாத ஒரு சோதனையே சாட்சியாயிற்று.