தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இடையில்

பிறந்தாலும் பாட்டு, இறந்தாலும் பாட்டு என்று தமிழ்மக்களின் வாழ்வைப் பற்றி மேடைகளில் பெருமையாகப் பேசுகிறோம். பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அந்த இரண்டு பாட்டுக்கும் நடுவே ஒரு வெளி கிடக்கிறது. அதை நாம் எட்டிப் பார்ப்பதில்லை. முதுமையில் நினைவு தேய்ந்து, பெற்ற மகளையே 'நீ யாரம்மா?' என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்ட ஒருவருக்குச் சோறூட்டி, உடல் துடைத்து, இரவெல்லாம் விழித்திருந்து காக்கிறாளே ஒருத்தி, அவள் பாடுவதற்கு நம் மொழியில் என்ன பாட்டு உண்டு? தாலாட்டு தொட்டிலோடு நின்றுவிடுகிறது. ஒப்பாரியோ உயிர் போன பின்னரே வாய் திறக்கிறது. மூச்சோடு இருப்பவர் முன் அதைப் பாடுவது அமங்கலம் என்று ஊர் வாயை மூடிவிடும். ஆகவே அந்த இடைவெளியில் இருப்பவள் மௌனமாகவே இருக்கிறாள்.

நோய்க்குப் பெயர் இல்லாமல் இருந்ததில்லை. யாழ்ப்பாணத்தார் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். மலையகத்தில் 'புத்தி கலங்கிப் போச்சு' என்பார்கள். வைத்தியர் வழக்கில் இன்று அது மறதி நோய். இவற்றுள் முதலிரண்டும் பழிச்சொல்லின் வாடை உள்ளவை. ஏதோ கிழவர் செய்த குற்றம்போல் ஒலிப்பவை. நோய் என்று அறியப்பட்ட வரலாறு நீண்டதன்று. 1901இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனையில் அகஸ்தே டேட்டர் என்ற ஐம்பத்தொரு வயதுப் பெண் சேர்க்கப்பட்டாள். தன் பெயரைக்கூட ஒழுங்காக எழுத முடியாத அவளை அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் கூர்ந்து கவனித்து, அவள் இறந்தபின் மூளையைச் சோதித்து, 1906இல் டியூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் தாம் கண்டதை எடுத்துரைத்தார். நோய் அவர் பெயரைப் பெற்றது. இந்தக் கதையில் மருத்துவ நூல்கள் விரைந்து கடந்துவிடும் ஒரு பகுதி உண்டு. அகஸ்தேயின் கணவர் ரயில்வேயில் வேலை செய்த சாதாரண மனிதர். மருத்துவமனைச் செலவு தாங்காமல், மனைவியை மலிவான வேறிடத்துக்கு மாற்றிவிட முயன்றார். நோய்க்குப் பெயர் வைக்கப்படுமுன்பே, அந்த நோயைப் பார்த்துக்கொள்வதற்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்வி பிறந்துவிட்டது!

நம் இலக்கியத்துக்கு வருவோம். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது. புலவரின் இயற்பெயர் மறைந்து, அவர் பாட்டில் வரும் ஊன்றுகோலே அவருக்குப் பெயராகிவிட்டது. இருமலுக்கு இடையே பேச்சுத் தடுமாறும் ஒரு முதியவர், இளமையில் நீர்த்துறை மரத்தின் கிளையேறிக் குதித்து, மடுவின் அடி மணலை அள்ளி வந்து காட்டியதை நினைக்கிறார். நேற்று நடந்தது நழுவும், நெடுநாளைக்கு முன் நடந்தது நிற்கும் என்ற உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881இல் நினைவு நோய்கள் பற்றிய நூலில் விதியாக எழுதினார். நம் புலவர் விதி வகுக்கவில்லை. நினைவு எந்தத் திசையில் ஓடும் என்பதை மட்டும் கண்டிருக்கிறார்.

பக்திப் பாடல்களில் இதைவிடக் கூர்மையான ஒன்று கிடைக்கிறது. பெரியாழ்வார் திருவரங்கத்துப் பெருமானை நோக்கி ஒரு முன்னேற்பாடு செய்து வைக்கிறார்: உடல் தளர்ந்து முடிவு நெருங்கும்போது உன்னை நினைக்க என்னால் இயலாமற் போகலாம், ஆதலால் நினைவு தெளிவாக இருக்கும் இப்பொழுதே சொல்லிவிடுகிறேன் என்பது அவர் வேண்டுகோளின் சாரம். சுந்தரரோ இன்னும் ஒருபடி மேலே போகிறார். தான் இறைவனை மறந்துபோனாலும் தன் நாக்குத் தானாகவே ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் என்று கொடுமுடியில் பாடினார். பதினெட்டு வயதிலேயே கயிலை சென்றவர் என்று மரபு கூறும் ஒருவர், முதுமையைக் காணாமலே, மனம் மறந்தாலும் நாக்கு மறவாது என்று எப்படிக் கண்டார்? பக்தர்கள் இதற்கு அருள் என்று விடை சொல்வார்கள். எனக்கு வேறு விடை தோன்றுகிறது. ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர். பாட்டு மனத்தில் மட்டும் குடியிருப்பதன்று, உடலிலும் குடியிருப்பது என்பது பாடுகிறவனுக்குத் தெரியும்.

2015இல் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் இதையொட்டிய ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நெடுங்காலம் பழகிய இசையை நினைவுகூரும்போது மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று இளைஞர்களிடம் கண்டறிந்தனர். பிறகு அல்சைமர் நோயாளரின் மூளையில் அதே பகுதி எந்நிலையில் உள்ளது என்று பார்த்தனர். மற்றப் பகுதிகள் சுருங்கிய அளவுக்கு அது சுருங்கியிருக்கவில்லை. இங்கிலாந்தில் நியூபரி நகரில் 2003 அளவில் தொடங்கி, அல்சைமர் சங்கத்தின் வழியே பரவிய சேர்ந்திசைக் கூட்டங்கள் இந்த அனுபவ உண்மையின் மேலேயே நிற்கின்றன: நோயாளியும் அவரைப் பார்த்துக்கொள்பவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பாட்டுகளைப் பாடுகிறார்கள். பாட்டு நோயைத் தீர்ப்பதில்லை. அப்படிச் சொல்லி எண்ணெய் விற்பவர்களைப்போல் நாம் பேச வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் இருவரும் ஒரே இடத்தில் இருக்க அது உதவுகிறது.

இனி ஹந்தானைக்கு வரலாம். கண்டி நகருக்குத் தெற்கே எழும் இம்மலைத்தொடருக்குச் சிங்களக் கலையுலகில் காதலர் மலை என்று பெயர். 1969இல் வந்த 'ஹந்தானை கதாவ' என்ற திரைப்படம் மலையடிவாரத்துப் பல்கலைக்கழக இளைஞரின் காதலைக் காட்டியது; நிலவும் பனியும் மலையுமாகப் பாடல்கள் பிறந்தன. அதே மலையின் சரிவில், அதே பனியில், கூடை சுமந்து நின்றவர்களுக்கு ஹந்தானை காதல் மலையன்று, கொழுந்து மலை. 1925இல் அங்கே கட்டப்பட்ட நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டு, 2001இல் தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. உருட்டும் இயந்திரம், உலர்த்தும் இயந்திரம், 1867இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் பொருள்கள் எல்லாம் அங்கே துடைத்துப் பேணப்படுகின்றன. இயந்திரத்தின் நினைவுக்கு நான்கு மாடி கிடைத்திருக்கிறது. அதை ஓட்டியவர்களின் நினைவு லயத்துக் காம்பராவில், ஒரு மருமகளின் பொறுப்பில் இருக்கிறது.

அந்த நினைவு எத்தகையது? மறதி நோயுற்ற முதியோர் உலகெங்கும் அந்தி மயங்கும் வேளையில் 'வீட்டுக்குப் போக வேண்டும்' என்று எழுந்துவிடுவார்கள். இருக்கும் வீட்டிலிருந்தே வீட்டுக்குப் போகக் கேட்பார்கள். மலையகத்துக் கிழவி 'ஊருக்குப் போக வேண்டும்' என்கிறாள். எந்த ஊர்? அவள் பிறந்ததே தோட்டத்தில். அவள் சொல்வது பாட்டி வாயால் கேட்ட திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரப் பக்கத்துக் கிராமம் ஒன்றை. இன்னொருத்தி விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து படங்கைத் தேடுகிறாள், கூடையைத் தேடுகிறாள். பெரட்டுக்குத் தப்பு அடித்துவிட்டார்கள், கங்காணி ஏசுவான் என்று பதறுகிறாள். பென்சன் எடுத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்கும். மூளை மற்ற யாவற்றையும் கைவிட்ட பிறகும் கங்காணியின் குரலைக் கைவிட மறுக்கிறது. தோட்டத்து உழைப்பு எவ்வளவு ஆழமாக உடம்புக்குள் இறங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை.

இந்த மக்களிடம் அரசாங்கமே நினைவைச் சான்றாகக் கேட்ட காலமும் ஒன்று இருந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும் என்றது. எப்போது வந்தாய், எங்கே பிறந்தாய், எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தாய்? பத்திரம் இல்லாதவன் நினைவைத்தான் கொண்டுபோனான், நினைவு எடுபடவில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று குடும்பங்கள் கிழிந்தன. எஞ்சியவர்களின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு கட்டியது. இன்று நினைவு தேய்ந்த ஒரு தாய், தலைமன்னார்க் கப்பலேறிப் போன மகளைக் கொழுந்து நிறுக்கப் போனவள்போல எண்ணி வாசலைப் பார்த்திருப்பாளாயின், அவள் மறந்தது மகளையன்று, ஒப்பந்தத்தை. பக்கத்தில் இருப்பவள் என்ன சொல்லித் தேற்றுவாள்? 'அவ இந்தியாவுக்குப் போயிட்டா அம்மா' என்று ஒவ்வொரு நாளும் சொன்னால், ஒவ்வொரு நாளும் அந்தப் பிரிவு புதிதாக நிகழும்.

இங்கேதான் பாட்டு வேலை செய்கிறது. மலைமேல் லயத்திலிருந்து வரும் என் மாணவி ஒருத்தியின் பாட்டி, பேத்தியின் பெயரை மறந்துவிட்டவர். குளிப்பாட்ட அழைத்தால் அடிக்க வருவாராம். மாணவியின் தாய் கும்மிப் பாட்டின் முதலடியை எடுத்துவிடுவாள். கிழவி அடுத்த அடியைப் பிடித்துக்கொள்வார். பாட்டு முடிவதற்குள் தலைக்குத் தண்ணீர் வார்த்தாகிவிடும். இதை யாரும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. நியூபரியைப் பற்றி அவள் கேள்விப்பட்டதும் இல்லை.

மலையகத்தின் பாட்டுச் செல்வம் சிறிதன்று. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி, கொழுந்தெடுக்கும்போது பாடுபவை, மாசியில் இரவு முழுவதும் ஆடும் காமன் கூத்து. 1930களில் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் பாட்டைத் தொழிற்சங்கத்தின் படைக்கலமாக்கினர். சி. வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தளித்தார். 1952இல் ஹந்தானையின் அடிவாரமாகிய பேராதனைக்குப் பெயர்ந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நாட்டார் கலைகளுக்கு மதிப்புத் தேடித் தந்து, மட்டக்களப்பு, மன்னார்ப் பாடல்களை அச்சேற்றினார். இவர்களுக்கெல்லாம் நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் தொகுப்புகள் பாட்டை வகை பிரிக்கின்றன: குழந்தைக்கு, காதலுக்கு, தொழிலுக்கு, சாவுக்கு. முதியவரைப் பேணும் பாட்டு என்றொரு தலைப்பை நான் பார்த்த தொகுப்புகளில் கண்டதில்லை. பாட்டு இல்லாமலில்லை. தாலாட்டுத்தான் இடம் மாறி அங்கே நிற்கிறது. தாலாட்டுப் பாடும் தாய் குழந்தையிடம் சொல்வதுபோல் தன் துயரத்தைத்தானே சொல்கிறாள்! புரிந்துகொள்ளாத ஒரு செவி அவளுக்குத் தேவை. தொட்டிலில் கிடைத்த அந்தச் செவி, பின்னாளில் கட்டிலில் கிடைக்கிறது.

திரைப்படம் இந்த இடத்தைத் தாமதமாகக் கண்டது. பிளெஸ்ஸி இயக்கி 2005இல் வந்த 'தன்மாத்ரா' என்ற மலையாளப் படத்தில், மறதி நோய்க்கு ஆளாகும் அரசு ஊழியராக மோகன்லால் நடித்தார். அதில் ஒலித்தது நம் பாரதியின் கண்ணம்மா பாட்டொன்று. காதலிக்கு எழுதிய பாட்டு, நினைவு கரையும் மனிதனின் வீட்டில் வேறு பொருள் கொண்டுவிட்டது. 2015இல் மணிரத்னத்தின் 'ஓ காதல் கண்மணி'யில் லீலா சாம்சன் நோயுற்ற பாடகியாகவும், பிரகாஷ்ராஜ் அவரைப் பேணும் கணவராகவும் வந்தனர். கணவன் மனைவியைப் பேணுகிறான் என்று காட்டியதற்காகவே அப்படத்தைப் பாராட்டலாம். எனினும் அது வசதியான பம்பாய் வீடு. மறுநாட் காலை பேர் போடாவிட்டால் கூலி போய்விடும் வீடன்று. அமெரிக்கப் பாடகர் கிளென் காம்பெல் 2011இல் தம் நோயை உலகறியச் செய்து, 2014இல் வெளிவந்த தம் கடைசிப் பாட்டுகளுள் ஒன்றை நோயாளியின் வாயாலேயே, மனைவியை நோக்கிப் பாடினார். பேணுகிறவளின் வாயால் பாடப்பட்ட பாட்டுக்கு அத்தகைய புகழ் வந்ததாகத் தெரியவில்லை.

எண்ணிக்கையும் சிறிதன்று. தமிழ்நாட்டுத் திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் நடந்து 1997இல் வெளியான ஆய்வு, அறுபதைக் கடந்தவருள் நூற்றுக்கு மூன்றரைப் பேர் நோயுற்றிருப்பதாகக் கண்டது. இலங்கையில் ராகமையில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, அறுபத்தைந்தைக் கடந்தவருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் என்றது. ராகமை என்றதும் மலையகத்தானுக்கு வேறொன்று நினைவுக்கு வர வேண்டும்: ஒருகாலத்தில் தோட்டத்துக்கு வந்த கூலித் தொழிலாளரை நோய்த்தொற்று அஞ்சித் தடுத்து வைத்த முகாம் இருந்த ஊர் அது. தோட்டத்தில் தாய் மலைக்குப் போகும்போது குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்ல இடம் உண்டு. குழந்தை வளர்ந்து கொழுந்தெடுக்கும் கையாகும் என்பது துரைமாருக்குத் தெரியும். கொழுந்தெடுத்து ஓய்ந்த கைக்கு அப்படி ஒரு காம்பரா கட்ட எவருக்கும் தோன்றவில்லை. ஆகவே வீட்டில் ஒருத்தி வேலையை விடுகிறாள். அல்லது பள்ளிப் பிள்ளை ஒன்று பள்ளியை விடுகிறது. என் வகுப்பு இடாப்பில் வராதவர் பெயருக்கு நேரே இந்தக் காரணத்தை எழுதக் கட்டம் இல்லை.

செய்யக்கூடியது ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: முதியவர் ஒவ்வொருவரும் எந்தப் பாட்டில் வாழ்ந்தார் என்று, அவர் தெளிவாயிருக்கும்போதே வீட்டார் குறித்து வைக்கலாம், உயர்தர வகுப்பு மாணவர் அதற்குப் போதும். ஆனால் அங்கே நாட்டார் பாடல் ஆர்வலருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. இன்று எண்பது வயதை நெருங்கும் மலையகத்தவர் 1960களில் இளைஞராயிருந்தவர். அவர்களது காதில் தப்பும் காமன் கூத்தும் மட்டும் இல்லை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை இருக்கிறது, சௌந்தரராஜனும் சுசீலாவும் இருக்கிறார்கள், லயத்தில் ஒரே வீட்டில் இருந்த ரேடியோவைச் சுற்றிப் பத்துக் குடும்பங்கள் உட்கார்ந்த மாலைகள் இருக்கின்றன. தூய நாட்டுப் பாடல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தொகுப்பாளர் கிழவியின் வாயை அடைத்துவிடுவார். குறிப்பேட்டில் படப் பாட்டும் ஏறட்டும், கோயில் பாட்டும் ஏறட்டும், மே தின ஊர்வலத்தில் கத்திய கோஷமும் ஏறட்டும். முதலடி போதும், அடுத்த அடியை அவர் எடுத்துக்கொள்வார்.